இரண்டு பாதியையும் நானே சொன்ன செபமாலை

ஒருவரைத் தங்களோடு சேர்த்துக்கொள்ள எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். சேர்ந்த பிறகு அவரை என்ன செய்வது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

முப்பது வயதைக் கடந்த பிறகு நான் கத்தோலிக்கன் ஆனேன். குடியிருப்பு ராஜபாளையத்தில், வாடகை வீடு. வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு நாளிதழின் நிருபர். திருமுழுக்குக்கு முந்தைய ஓராண்டு என்னை யாரும் தனியே விட்டதில்லை. ஞானோபதேச வகுப்புக்கு நான் கொஞ்சம் தாமதித்தாலும் உபதேசியார் ஆள் அனுப்பிவிடுவார். பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவில், என் தலையில் தண்ணீர் ஊற்றியபோது கோவிலே கைதட்டியது. கேக் வெட்டினார்கள். (முகத்திலும் பூசினார்கள்.) அடுத்த ஞாயிறு போனேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேற்றைய பேப்பருக்கு என்ன மரியாதை என்பது தொழில்முறையில் எனக்குத் தெரிந்ததுதான். நானே அதுவாகிவிடுவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

தப்பு அவர்கள் மேல் மட்டும் இல்லை. எனக்கு வைத்த புதுப் பெயர் தோமா. யாராவது பின்னாலிருந்து “தோமா” என்று கூப்பிட்டால், யாரோ தோமாவைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் நடையைக் கட்டிவிடுவேன். பத்திரிகைக்காரனுக்குத் தலைக்கனம் என்று பேச்சு பரவியது. பேசுவதற்கு இருந்த ஒரே ஆள், திருமுழுக்கில் எனக்குப் பொறுப்பேற்ற என் ஞானத்தந்தை. அவரும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

வன்னியம்பட்டியில் இருக்கும் என் அக்கா பேச்சியம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பேச ஏதாவது இருந்திருக்கும். போனில் சாப்பாடு, மழை, பசு சினை பிடித்தது எல்லாம் வரும். கோவிலைப் பற்றி மட்டும் ஒரு சொல் வராது. திருமுழுக்குக்குப் பிறகு அவள் என் வீட்டுப்பக்கம் வந்ததும் இல்லை.

எனவே வேலை முடிந்து வந்ததும் நானும் என் செபமாலையும்தான். செபமாலையில் ஒவ்வொரு ‘அருள் நிறைந்த மரியே’க்கும் இரண்டு பாதி உண்டு. முதல் பாதியை ஒருவர் சொல்ல, அடுத்த பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும். என் வீட்டில் மற்றவர்கள் இல்லாததால் இரண்டையும் நானே சொன்னேன். மாதக்கணக்கில் சொன்னேன். செய்தி அனுப்பிப் பழகிய கை, அதனால் வேகமும் கூடிக்கொண்டே போனது.

அக்டோபரில் அன்பியத்தார், அதாவது எங்கள் தெருப்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள், மாதாவின் சிலையான சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்வார்கள். என் வீட்டுக்கும் ஒரு நாள் குறித்தார்கள். அன்று யாரும் வராவிட்டாலோ, வந்தும் பேசாமல் போய்விட்டாலோ, இனி கோவிலுக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளில்லை.

வருகிறவர்களுக்குச் சுண்டல் கொடுப்பது வழக்கம். எவ்வளவு கடலை ஊறப்போடுவது என்று அக்காவிடம் போனில் கேட்டேன்.

“நீ செஞ்சா உப்பே இருக்காது. நானே வாரேன்” என்றாள்.

வந்தாள். சுண்டலுக்காக மட்டும் வந்தவள் என்பது எல்லோருக்கும் விளங்கும்படி அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நான் பயந்ததற்கு மாறாகக் கூடம் நிறைந்தது. செபமாலையின் முதல் பத்து மணிகளை வீட்டுக்காரர் தொடங்குவது எங்கள் அன்பியத்து முறை. கண்ணை மூடினேன். தொடங்கினேன். முடித்தேன். முறை தெரியாமல் இல்லை. முறை மூளைக்குத் தெரியும், நாக்குக்கு வேறு பழக்கம். முதல் பாதி, அடுத்த பாதி, மறுபடி முதல் பாதி என்று மூச்சுவிடாமல் ஓடினேன். இடையில் புக முயன்ற குரல்கள் காதில் விழத்தான் செய்தன. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அவர்கள், கிருஷ்ணன்கோவிலில் நிற்காமல் போகும் கல்லூரிப் பேருந்துக்குக் கைகாட்டும் வெளியூர்க்காரர்களைப் போல, ஏற வழியில்லாமல் தவித்திருக்கிறார்கள்.

கண்ணைத் திறந்தேன். ஆழ்ந்த அமைதி. நன்றாகச் சொல்லிவிட்டேன் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. (கணம் என்பது மிகை. நிறையவே தோன்றியது.)

அப்போது அடுப்படி வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“ஏலே, எல்லாத்தையும் நீயே சொல்லிட்டியே. பொறவு அவியள எதுக்கு வரச்சொன்ன?”

முதலில் சிரித்தது மாதா சுரூபத்தைப் பிடித்திருந்த ஆட்டோ ஓட்டுநர். அவர் கை குலுங்கியதில் மாதாவும் குலுங்கினார். பிறகு கூடமே சிரித்தது. இனி கோவிலுக்குப் போவதில்லை என்ற முடிவை அந்த இடத்திலேயே உறுதிசெய்துகொண்டு, தலையைக் குனிந்தபடி சுண்டல் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று எழுந்தேன்.

அன்பியத் தலைவி ஜெசிந்தா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தையல் தைத்துப் பிழைப்பவர், துணியை அளப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“தனியாவே சொல்லிப் பழகிட்டீயளோ தம்பி?”

சிரிப்பு நின்றது. மறுப்பறிக்கை வெளியிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மாதாவுக்கு முன்னால் பாயைத் தட்டிக்காட்டினார். “உக்காருங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க. பாதியில நிறுத்திருங்க, போதும்.”

சொன்னேன். பாதியில் நிறுத்தினேன். அந்த இடைவெளி எனக்கு மிக நீளமாக இருந்தது. யாரும் பிடிக்காவிட்டால் கீழே விழுந்துவிடும் ஒன்றைக் கையை விட்டதுபோல இருந்தது. கூடம் முழுவதும் அடுத்த பாதியைச் சொன்னது.

இன்றும் பெரும்பாலும் நான் தனியாகத்தான் செபிக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஜெசிந்தா அக்கா வீட்டில். அங்கே நான் வாயைத் திறந்தாலே அந்த ஆட்டோக்காரர், “தோமா, பிரேக்கு இருக்குல்ல?” என்று கேட்காமல் விடுவதில்லை.

என் அக்கா அதன்பின் எந்தச் செபத்துக்கும் வரவில்லை, கோவிலைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் போன மாதம் வன்னியம்பட்டிக்குச் சாப்பிடப் போயிருந்தேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு மச்சான், மோட்டார் ரிப்பேரான கதையை யாரையும் பேசவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். குழம்பை ஊற்றிக்கொண்டே அக்கா அவரிடம் சொன்னாள்.

“செபமாலை சொன்னது போதும். எங்களுக்கும் பாதிய விடுங்க.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வீட்டில் அது வெகுநாளாகப் புழங்கும் பேச்சு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.