சாவி அண்ணாத்தயின் ஆறு மணி

நாற்காலியில் உட்கார்ந்தபடியே, என் கையால் என்னையே ஆபீசுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டவன் நான். இப்படிப்பட்டவனையும் கட்டி மேய்த்தவர் 'சாவி' அண்ணாத்த. அவரைப் போலச் சந்தேகப் பிராணி செங்கல்பட்டு மாவட்டத்திலேயே கிடையாது. தன் வாட்சில் மணி பார்த்துவிட்டு, பக்கத்து ஆளிடமும் கேட்பார்.

எங்களுடையது மாமல்லபுரத்தில் ஒரு டூரிஸ்ட் வேன் ஆபீஸ். வேன் சாவிகள் தொங்கும் பலகைக்கு அவர்தான் காவல். காலையில் கொடுப்பார், சாயங்காலம் எண்ணி வாங்குவார். பிறகு புக்கிங் நோட்டு போய் ஆன்லைன் ஷீட் வந்தது. அதில் யார் எழுதலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று முடிவு செய்யும் அட்மின் வேலையை முதலாளி அவருக்கே கொடுத்தார். அவருக்கு அதுவும் சாவிப் பலகைதான். காலை ஒன்பதுக்கு நாங்கள் எல்லோரும் எடிட்டர். மாலை ஆறானால் மேசை மேசையாக வந்து கையை நீட்டுவார்.

"எடிட்ட குட்த்துட்டு கெளம்பு."

"அது இன்னா பொருளா அண்ணாத்த, கைல குடுக்க?"

"கண்ணுக்குத் தெரியாத சாவிடா. தொலஞ்சா தேடக்கூட முடியாது."

ஆறு மணிக்கு மேல் முதலாளியும் வெறும் வியூவர்தான். தன் கம்பெனியையே ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பவர் போல உட்கார்ந்திருப்பார், பாவம்.

மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கருங்குழி போனபோது, சாவி தன்னோடு என்னையும் அட்மின் ஆக்கினார்.

"சாயங்காலம் எல்லாரோடதையும் வாங்கிடு. ஒர்த்தனையும் வுடாத."

நான் விடுவேனா? ஆறு அடித்ததும் ஆபீசில் இருந்த எல்லோரையும் வரிசையாக வியூவர் ஆக்கினேன். கடைசியில் என் பெயர் நின்றது. ஒர்த்தனையும் விடக்கூடாதே! 'நிச்சயமாகவா?' என்று கம்ப்யூட்டரே கேட்டது. நிச்சயம் என்று அமுக்கினேன்.

மறுநாள் காலை வாசலில் டூரிஸ்ட் கூட்டம், தெருவில் வேன் வரிசை. யாருக்கு எந்த வேன் என்று ஷீட்டில் போட ஒரு ஆள் இல்லை.

"எவன் பண்ணான் இத? இன்னிக்கே அவன வூட்டுக்கு அனுப்பறேன்!" என்று முதலாளி சாவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் நாதஸ்வரம்.

"நான்தான் மொதலாளி. இங்க இர்ந்தே வாங்கி வச்சேன். பழக்கதோஷம். தோ, தொறந்துட்டேன்."

பின்னால் ஒரு பெண் குரல்: "யோவ், மொதல்ல தட்டப் புடி!"

என் வேலை பிழைத்தது. திரும்பி வந்தவர் மூன்று மாதம் என்னை வியூவராக மட்டும் வைத்திருந்தார். வேன் நம்பரை நான் கத்துவேன், பக்கத்து மேசைக்காரர் டைப் அடிப்பார்.

இப்போது கோவளத்தில் ஒரு ஓட்டலில் இருக்கிறேன். அந்த ஆபீசில் எவன் வேலையை விட்டாலும், அவன் பஸ் ஏறுவதற்குள் ஷீட்டிலிருந்து அவன் பெயரைத் தூக்கிவிடுவார் சாவி. நான் விட்டு இரண்டு வருஷமாகிறது. போன வாரம் செல்லில் அந்தப் பழைய லிங்க்கைக் கை தவறித் தொட்டேன், ஷீட் திறந்தது. என் பெயர் அப்படியே இருந்தது, எடிட்டர் என்று. அப்போது மணி ஆறரை.

"அண்ணாத்த, என் சாவிய நீங்க இன்னும் வாங்கலியே?" என்று மெசேஜ் போட்டேன்.

உடனே பதில் வந்தது.

"மறந்துட்டேன்."