நாலாம் மாடி ஏறி வந்த தண்ணீர்

தண்ணீர் ஆபீசில் மீட்டர் பார்க்கும் தம்பிக்கு நாலாம் மாடி அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் நீங்கலாக. உன் சுகத்தை ஒன்பது வருஷமாக நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

வீடு பார்க்க வந்த அன்றைக்குக் கோடு போட்ட சட்டையில் நின்றுகொண்டு, "அக்கா, காலையில எல்லாரும் ஒண்ணாத் திறந்தா மேல சொட்டு ஏறாது" என்று, நான் முன்பணம் கொடுத்து முடித்த பிறகு சொன்னாயே, அது எனக்கு மறக்கவில்லை. அப்படியேதான் நடந்தது. கீழ்வீட்டுத் தையல்காரி ஆறு மணிக்கே மூன்று டிரம்மை நிரப்புவாள், வாசலைக் கழுவுவாள், கழுவின வாசலை மறுபடி கழுவுவாள், மேலே எங்கள் குழாய் வெறுமனே இருமும், மருமகள் ஏழு மாத வயிற்றோடு அறுபத்திரண்டு படி குடம் தூக்குவாள். இப்போது உங்கள் ஆபீசில் எந்த மகராசனோ, ஆளுக்கு நாலு வாளி எந்நேரமும் மலிவு, அதற்கு மேலே போனால் காலை ஒன்பது வரை மூன்று மடங்கு, மத்தியானம் பாதி விலை என்று போட்டுவிட்டான். அநியாயம் என்று முதலில் திட்டினவள் நான்தான். ஆனால் முதல் பில் வந்த அன்றே தையல்காரி டிரம்மைக் கவிழ்த்துவிட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு மருமகள், "அத்தை, கொஞ்சம் இங்க வாங்களேன்" என்றாள். குழாயில் தண்ணீர், தம்பி. நூல் மாதிரி இல்லை, என் கட்டைவிரல் தடிமன். வாளி வைக்கக்கூடத் தோன்றாமல் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். யாரும் யாரையும் அதட்டவில்லை, ஒரு வால்வைக்கூடத் திருகவில்லை, காகிதத்தில் மணியையும் விலையையும் எழுதி ஒட்டினதற்கே தண்ணீர் தானாக மாடி ஏறி வந்து நிற்கிறது.

இதைக் கண்டுவிட்டுச் சும்மா இருக்க மனசு வருமா? பன்னிரண்டு வீட்டுக் கதவையும் தட்டி, "துணி துவைக்கிறதெல்லாம் ரெண்டு மணிக்கு வச்சுக்குங்க, பாதி விலை" என்று நானே சொல்லிவிட்டு வந்தேன். தையல்காரிக்கும் சொன்னேன்.

"நீங்களா என்கிட்ட பேசுறீங்க?"

"தண்ணிக்காகப் பேசுறேன். உனக்காக இல்ல."

நீயும் உன் பெண்டாட்டியும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவள் எனக்கு நாற்காலி போடாததை இன்றைக்கு மட்டும் ஒதுக்கி வைத்து வாழ்த்துகிறேன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ரெண்டு மணி ஆனது. பன்னிரண்டு வீட்டாரும் ஒன்றாகக் குழாயைத் திறந்தார்கள். எங்கள் குழாய் இருமுகிறது. சோப்புப் போட்ட துணி அப்படியே கிடக்க, மருமகள் குடத்தை எடுத்துக்கொண்டு படி இறங்குகிறாள். ஆகவே மேலே எழுதினதெல்லாம் ரத்து, சுகம் விசாரித்தது உட்பட. மத்தியானத்துக்கும் விலையை ஏற்றச் சொல். அடுத்த மலிவு நேரம் எது என்று எனக்கு மட்டும் எழுது, இந்தத் தடவை வாயைத் திறக்க மாட்டேன்.