ஷெட்டுக்குத் திரும்பாத வண்டி

பல் டாக்டரும் என் மனைவியின் ஒரே தம்பியுமான மாப்பிள்ளை அவர்களுக்கு, அக்கா புருஷன் எழுதிக்கொண்டது.

இங்கு நான் நலம். வெள்ளிக்கிழமை காலை வரை நலமாக இருப்பேன். அங்கு நீங்களும் தங்கையும் குழந்தைகளும், உங்கள் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி காத்திருக்கும் பொதுமக்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நீங்கள் கட்டிக் கொடுத்த பல்செட் நன்றாக இருக்கிறது. அதைக் காட்டிச் சிரிக்கத்தான் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். உங்கள் அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் மாடிப்படிக்குக் கீழே ஒளிந்து நின்று கிசுகிசுத்தாலும், எதிர்முனையில் இருப்பது யார், அவர் நின்றுகொண்டு பேசுகிறாரா படுத்துக்கொண்டு பேசுகிறாரா என்பதைச் சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவாள். ஆகவே கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டு உடனே கிளம்பி வாருங்கள். வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் அக்கா முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நான்கு வாரம் நாடு சுற்றப் போகிறாள். என்னை விட்டுவிட்டு, தனியாக. நீங்கள் ஜனங்களை வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர். இது மூடச் சொல்ல வேண்டிய வேலை. இருந்தாலும் அவள் பயப்படும் ஒரே ஆள் நீங்கள்தான். அதுவும் உங்கள் கையில் ஊசி இருக்கும்போது மட்டும். ஊசியையும் எடுத்து வரவும்.

எல்லாவற்றுக்கும் காரணம் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பெண். அவள் லீவு போட்டுக் காடு, மலை, தீவு என்று சுற்றிவிட்டு வந்து, பாதி ஆள் உயரத்துக்கு இருந்த தன் முதுகுப் பையைத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டாள். துணி எடுக்கப் போன உங்கள் அக்கா அதை மாட்டிப் பார்த்திருக்கிறாள். அப்படியே படியிறங்கி, கதவு நிலையில் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு, ஆமை மாதிரி கூடத்துக்கு வந்து நின்று, "என்னங்க, கனமே தெரியலைங்க" என்றாள். காலிப் பையில் என்ன கனம் தெரியும் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மறுநாள், பரணில் நான் கட்டி வைத்திருந்த பழைய பஸ் கால அட்டவணைகளை, அதாவது என் வாழ்நாள் உழைப்பை, உள்ளே திணித்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழக ஆரம்பித்துவிட்டாள். "உங்க வேலையால யாருக்கோ ஒரு பிரயோஜனம் இருக்குன்னு இன்னைக்குத்தாங்க தெரியுது" என்று வேறு சொன்னாள்.

எதற்கு இந்த வயதில் இந்தக் கூத்து என்று கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கிறது. "நான் லைன் போட்டுக் குடுத்த ஊரையெல்லாம் பாக்கணும். மலையில இருந்தாளே ஒரு ஆபரேட்டரு, அவ எப்ப லைன்ல வந்தாலும் பின்னாடி மழை கொட்டுற சத்தம் கேக்கும். சித்திரை வெயில்லயும் கேக்கும். அப்படி ஒரு ஊரு இருக்கா, இல்ல அவ குழாயைத் திறந்து விட்டுட்டுப் பேசினாளான்னு எனக்குத் தெரியணும்." கடற்கரை ஊரில் ஒருத்தி பேச்சுக்கு நடுவே, "கொஞ்சம் இரு, படகு வருது" என்று போனை வைத்துவிட்டு ஓடுவாளாம். எந்தப் படகு, யார் வந்தார்கள் என்பது இன்றுவரை தெரியாதாம். நியாயம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊர்களுக்கெல்லாம் பஸ் விட்டவனே நான்தான். போக்குவரத்துக் கழகத்தில் எந்த வண்டி எப்போது கிளம்பி, எங்கே நின்று, எப்போது திரும்ப வேண்டும் என்று திட்டம் போடும் பிரிவின் தலைவனாக இருந்தவன். நான் அங்கெல்லாம் போனதுண்டா என்றால், இல்லை. ஜோசியர் செவ்வாய் கிரகத்துக்குப் போய்விட்டு வந்தா பலன் சொல்கிறார்?

சரி, போவது என்று ஆகிவிட்ட பிறகு இந்த வீட்டில் ரூட் போட எனக்குத்தான் உரிமை என்று சொல்லிக் கூடத்தில் வரைபடத்தை விரித்தேன். நாற்காலிகள் வராந்தாவுக்குப் போயின. நாங்கள் சுவரோரமாக ஒட்டி நடந்தோம். மேற்குக் கரையில் மழை ஓய்ந்து கிழக்கே பிடிப்பதற்குள் கிடைக்கும் வாரங்களில் எப்படி நுழைந்து எப்படி வெளியே வருவது, மழைக்காட்டில் அட்டை எந்தப் பாதையில் குறைவு, எங்கே கொசுவலை வேண்டும் என்றெல்லாம் நர்ஸ் பெண்ணிடம் விசாரித்துப் பல நாள் உட்கார்ந்து கோடு போட்டேன். என் சர்வீஸில் போட்ட ரூட்டுகளிலேயே உத்தமமானது என்று சொல்வேன். உங்கள் அக்கா மூட்டையோடு குனிந்து பார்த்தாள்.

"என்னங்க இது, எல்லாக் கோடும் நம்ம வீட்டுக்கே வந்து நிக்குது?"

"ராத்திரி வண்டி ஷெட்டுக்கு வர வேண்டாமா?"

"நான் என்ன வண்டியா?"

"கிளம்பின எதுவும் ராத்திரிக்குள்ள திரும்பணும். அதுதான் முறை."

"அப்போ தீவுக்குப் போறது எப்படி? காலைல போய், கரையைத் தொட்டுட்டு, ஓடி வந்துடணுமா? கண்ணாமூச்சியா ஆடப் போறோம்?"

மாப்பிள்ளை, உங்களிடம் மறைப்பதற்கென்ன, எனக்குச் சர்க்கரை. மணிக்கொரு தரம் போக வேண்டும். அதுவும் ராத்திரியில், இருட்டில் கண்ணைத் திறக்காமலே போய் வரத் தெரிந்த இடம் உலகத்தில் ஒன்றுதான், அது என் வீட்டில் இருக்கிறது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. ஷெட் என்று மட்டும் சொன்னேன்.

விட்டுக்கொடுத்தேன். வெளியூரில் தங்கலாம் என்று திருத்தினேன். ஆனால் ஓட்டுநர்களுக்கே தொடர்ந்து வேலை கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே முதல் வாரம் நான், இரண்டாம் வாரம் அவளுடைய பெரியம்மா மகள், மூன்றாம் வாரம் நீங்கள், நான்காம் வாரம் மறுபடியும் நான் என்று ஆள் மாற்றம் போட்டேன். உங்களைக் கேட்காமல் போட்டதற்கு மன்னிக்கவும். டிப்போவில் யாரையும் கேட்டுப் போட்டுப் பழக்கமில்லை. கூடவே, எந்த ரூட்டுக்கும் ஸ்பேர் ஒன்று கைவசம் இருக்க வேண்டும் என்று யதார்த்தமாகச் சொன்னேன். "யாருக்கு ஸ்பேரு? எனக்கா, உங்களுக்கா?" என்று கேட்டாள். அடுத்து, தீவுப் படகு எத்தனை மணிக்கு என்று உறுதி செய்யப் படகுத்துறைக்குப் போன் செய்தேன். "தண்ணி ஏறினா கிளம்பும் சார்" என்றார் ஒருவர். எப்போது ஏறும் என்றேன். "அது ஏறும்போது தெரியும்" என்றார். கடல் இப்படி நடந்துகொள்வது சரியல்ல என்று அவருக்கு விளக்கினேன். "சொல்லிப் பாக்குறேன் சார்" என்று வைத்துவிட்டார்.

கடைசியில் எனக்கு வினையாக வந்தது வெள்ளோட்டம். புது ரூட் என்றால் முதலில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். மலையடிவாரம் வரை பஸ்ஸில் போய் அன்றே திரும்புவது என்று மூட்டையோடு கிளம்பினோம். நான் திட்டம் போட்ட பஸ்ஸில் நானே ஏறுவது அதுதான் முதல் தடவை என்பதால் கொஞ்சம் பெருமையாகவே உட்கார்ந்திருந்தேன். ஊர் எல்லை தாண்டியதுமே அடிவயிறு சமாசாரம் சொல்ல ஆரம்பித்தது. பல்லைக் கடித்தேன். உங்கள் பல்தான், தாங்கியது. முடியாத கட்டத்தில் எழுந்து போய் டிரைவரிடம், தம்பி, ஓரமாக ஒரு நிமிஷம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அவர் தம்பி இல்லை, கிட்டத்தட்ட என் வயது.

"டயத்துல இல்லையே சார்."

"ஒரே நிமிஷம்தான்."

"ஒரே நிமிஷம்தான் சார், அதுகூட இல்லை. எவனோ ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து போட்டிருக்கான். இருபது வருஷமா இந்த ரூட்டை ஓட்டுறேன், ஒண்ணுக்குப் போக நேரம் வைக்கல அந்தப் புண்ணியவான். கல்லு வந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அவன் மட்டும் என் கையில கெடச்சான்..."

நான் திரும்பி என் இடத்துக்குப் போயிருப்பேன். ஆனால் பின்னாலிருந்து உங்கள் அக்காவின் குரல், நாடு முழுவதும் லைன் போட்டுக் கொடுத்த அந்தக் கணீர்க் குரல், வந்தது: "இவர்தாங்க அது."

மாப்பிள்ளை, எனக்குச் சர்வீஸில் பிரிவுபசார விழாகூட இவ்வளவு உற்சாகமாக நடக்கவில்லை. "இவரா!" என்று டிரைவர் ஸ்டீயரிங்கில் அடித்தார். "இவரா?" என்று கண்டக்டர் எழுந்து வந்து மேலும் கீழும் பார்த்தார். பிரசவத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மாமியார், "பாக்க நல்லவராத்தான் இருக்காரு" என்று பரிதாபப்பட்டார். அடுத்த நிறுத்தத்தில் யாரோ இறங்க, நானும் குதித்து ஒரு மரத்துக்குப் பின்னால் ஓடினேன். நான் பாதியில் இருக்கும்போது பஸ் கிளம்பிவிட்டது. இறங்கிய பயணிக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதும் நான் போட்ட விதிதான்.

நான் செங்கல் லாரியில் வீடு வந்து சேர்ந்தேன். உங்கள் அக்கா இருட்டிய பிறகு வந்தாள். மலையடிவாரம் வரை போய், ஓர் ஆற்றில் கால் நனைத்து, டிரைவர் வீட்டில் சாப்பிட்டு, வெயிலில் முகம் கறுத்து, பத்து வயது குறைந்து வந்தாள். "என்னால தனியாப் போக முடியும்னு இன்னைக்குத்தாங்க தெரிஞ்சுது. நீங்க சிரமப்படாதீங்க, வீட்டையே பாத்துக்குங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அன்பாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் வரைபடத்தைத் தொடவில்லை. அவளே கோடு போட்டாள். கோடு என்று சொல்ல முடியாது, கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. எனக்குச் சர்க்கரை பார்க்கும் டாக்டராவது தடுப்பார் என்று ரகசியமாகப் போய்ச் சொல்லி, அவளை அனுப்பி வைத்தேன். அவர் அவளுக்கு மலேரியா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க" என்று எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்.

இதுதான் நிலைமை. சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை, கடையில் கிடைக்கும். துணிக்குச் சலவைக்காரர் இருக்கிறார். ஆனால் டிப்போவில் ஒரு வண்டி ராத்திரி வந்து சேரவில்லை என்றால் காவலாளி கேட்டைப் பூட்டாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பான். காலையில் வந்து அவனைத் திட்டியிருக்கிறேன், தூங்குவதுதானே என்று. நான்கு வாரம் நான் அப்படி நிற்க வேண்டும் என்கிறாள் உங்கள் அக்கா. ஆகவே மாப்பிள்ளை, கிளினிக்கைப் பூட்டுங்கள். திறந்த வாய்கள் திறந்தபடியே இருக்கட்டும். வியாழக்கிழமை ராத்திரிக்குள் வந்து, அழுதோ, அதட்டியோ, மயக்க ஊசி போட்டோ அவளை நிறுத்துங்கள்.

தங்கைக்கு என் அன்பு. குழந்தைகள் பல் விளக்கி, நன்றாகப் படித்து, போக்குவரத்துத் துறை தவிர எந்தத் துறையிலும் பேரும் புகழும் பெற ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் சில நாள் மட்டும் உங்கள் அக்காவோடு குடியிருக்கும்
மாமா

பி.கு.: மேலே உள்ளதை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன். நினைவு வந்தது இன்று, வெள்ளிக்கிழமை காலை. உங்கள் அக்கா கிளம்பிப் போன பிறகு பார்த்தால் அவளுடைய மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அதே பஸ், அதே டிரைவர். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் மூட்டை உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மூட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் பக்கப் பையில் என் சர்க்கரை மாத்திரை தெரிந்தது. வாழ்நாளில் ஒரு ராங் நம்பர் போடாதவள் மழைக்கோட்டை மறந்தாள் என்பதை நான் இப்போது நம்பவில்லை. உட்கார்ந்தேன். "சார், உங்க வீட்டம்மா நேத்தே வந்து சொல்லிட்டாங்க. எப்ப வேணும்னாலும் குரல் குடுங்க, நிறுத்துறேன்" என்று டிரைவர் பஸ் முழுவதும் கேட்கச் சொன்னார். மானம் போயிற்று. ஆனால் இனி எதையும் அடக்க வேண்டியதில்லை.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். வந்துவிட்டால், உங்கள் அக்கா முன்பே கொடுத்து வைத்த இன்னொரு சாவி நர்ஸ் பெண்ணிடம் இருக்கிறது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும். நாங்கள் எப்போது திரும்புவோம் என்று கேட்காதீர்கள். தண்ணீர் ஏறும்போது தெரியும்.

இதை ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் மதகில் உட்கார்ந்து எழுதுகிறேன். சற்று முன் நான் குரல் கொடுத்தேன், வண்டி நின்றது, நான் இறங்கினேன். எனக்குப் பின்னால் முழு பஸ்ஸும் இறங்கிவிட்டது, மாப்பிள்ளை. பெண்கள் பங்க் கழிவறையில் வரிசை கட்டி நிற்கிறார்கள். உங்கள் அக்கா வரிசையை ஒழுங்குபடுத்துகிறாள். இத்தனை வருஷமாக எல்லோரும் அடக்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். வண்டி பயங்கரமாகத் தாமதமாகிக்கொண்டிருக்கிறது. ஹாரன் அடித்துக் கூப்பிட வேண்டியவரும் புதருக்குப் பின்னால்தான் இருக்கிறார்.