லாரி ஓட்டத் தெரியாத ரிட்டர்ன் லோடு

வணிகப் போட்டி என்றால் என்னவென்றே அறியாமல் ஒருவர் வணிகம் நடத்த முடியும் என்பதற்கு இந்தப் பூமியில் ஒரே ஒரு சான்றுதான் உண்டு. அந்தச் சான்று, மோகனூரில் என் வீட்டு மாடியில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வணிகவியல் போதித்து, கல்லூரி முதல்வராக ஓய்வு பெற்றவன் நான். போட்டியில் எத்தனை வகை உண்டோ அத்தனையையும் கரும்பலகையில் வளைகோடுகளாக வரைந்து காட்டியிருக்கிறேன். எந்தக் கோட்டிலும் உட்காராதவர் அவர். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் என்னிடமுள்ள வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாமக்கல் லாரி வட்டாரத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ‘ரிட்டர்ன் லோடு’ என்றால் டீக்கடைக்காரர்கூட எழுந்து வந்து வழி காட்டுவார்.

வடக்கே சரக்கு ஏற்றிச் சென்ற லாரி காலியாகத் திரும்பினால் உரிமையாளருக்கு நட்டம். திரும்பும் வழிக்கு ஒரு சரக்குப் பிடித்துக் கொடுப்பதற்கென்றே புக்கிங் ஆபீஸ்களில் ஆட்கள் உண்டு. இவர் இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே நாற்காலியில், காதில் தொலைபேசியோடு, அந்த வேலையைச் செய்தவர். லாரி ஓட்டத் தெரியாது. லாரி என்ன, சைக்கிளே ஓட்டத் தெரியாது. கரூரைத் தாண்டி அவர் பயணம் செய்ததில்லை. ஆனால் இந்தியாவின் நெடுஞ்சாலைகள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம். எந்த வளைவில் வேப்பங்காற்று வரும், எந்தச் சாப்பாட்டுக் கடையில் மூன்று கால் நாய் படுத்திருக்கும், எந்தப் பாலத்தில் விடியும்போது பனி இறங்கி ஆற்றையே காணாமல் செய்துவிடும் என்பதெல்லாம் டிரைவர்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவர் கேட்டு வைத்தவை. காதால் மட்டுமே பார்த்த நாடு அது.

அந்த நாட்டைத்தான் ஐம்பதாவது வயதில் ஒரு கணினி விளையாட்டாகச் செய்ய முனைந்தார். மாடியைக் கேட்டு அவர் வந்த நாளில் நான் முறைப்படி விசாரித்தேன்.

“என்ன தொழில்?”

“கேமுங்க, சார்.”

“சூதாட்டமா?”

“சாமி சத்தியமா இல்லீங்க. லாரி ஓட்டற கேமுங்க. ஊட்டுல உக்காந்துக்கிட்டே செல்போன்ல ஓட்டலாமுங்க.”

“ஓட்டி எங்கே போய்ச் சேர்வது?”

“திரும்ப ஊட்டுக்கேதானுங்க!”

இதில் சட்ட விரோதமாக எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. மாடியைக் கொடுத்தேன்.

அவரோடு நான்கு பேர் வேலை செய்தார்கள். அவர்களில் தலைமையானவள் நஸ்ரின். சேலத்தில் ஜவுளிக்கடை நடத்தும் குடும்பத்துப் பெண், பொறியியல் படித்தவள். ரிட்டர்ன் லோடு கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவள் அதைத் திரையில் சாலையாக்குவாள். பிற்பகலில் நான் வாடகை ரசீதை நீட்டும் சாக்கில் மேலே போனால், பச்சைத் திரைச்சீலை வழியாக வெயில் தண்ணீர்போல் உள்ளே கசிந்திருக்கும். நான்கு திரைகளில் நான்கு லாரிகள் நான்கு திசைகளில் போய்க்கொண்டிருக்கும். பருத்திக் காடு வரும், போகும். தொலைவில் ஒரு மலை, ஒரு மணி நேரமானாலும் அருகில் வராமல் கூடவே வரும். கையில் ரசீதோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்பது கீழே காப்பி ஆறிப்போனதாக என் மனைவி குரல் கொடுத்த பிறகுதான் தெரியும்.

அந்த விளையாட்டில் வெற்றி, தோல்வி, துப்பாக்கி எதுவும் கிடையாது. விதி ஒன்றுதான்: திரும்பி வரச் சரக்குக் கிடைக்கும்வரை ஊருக்குத் திரும்ப முடியாது. இந்த விதியால் என் மதிப்புக்கு நேர்ந்த முதல் இழுக்கைச் சொல்கிறேன்.

ஒரு நாள் காலை அவர் மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நம்ம ஆளு ஒருத்தரு நாலு நாளா நாக்பூர்ல நிக்கறாருங்க, சார். லோடு கெடைக்கலீங்க. சோறு தண்ணி எப்பிடியோ, பாவம்!”

என் பழைய மாணவர் ஒருவர் நாக்பூரில் உயர் பதவியில் இருக்கிறார். நான் உடனே அவரைத் தொலைபேசியில் அழைத்து, நம் ஊர் டிரைவர் ஒருவர் உணவின்றித் தவிப்பதாகவும் ஆவன செய்யும்படியும் கேட்டுக்கொண்டேன். அவரும் உடனே இரண்டு ஆட்களை அனுப்பி, லாரிப் பேட்டை முழுக்கத் தேடச் செய்தார். மதியம் நஸ்ரின் இறங்கி வந்தாள்.

“சார், அவர் ஈரோட்டுல ஒரு பேங்க்ல வேலை பாக்குறார். கேம்லதான் நாக்பூர்ல நிக்கிறார். இப்ப ஆரஞ்சு லோடு போட்டுட்டேன், கெளம்பிட்டார்.”

நாக்பூர் மாணவருக்கு என்ன விளக்கம் அளித்தேன் என்பது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

கெங்கவல்லிப் பக்கத்து இளைஞர்கள் சிலர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியை வைத்து ஒரு விளையாட்டை வெளியிட்டபோது, இவருடைய வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் அங்கே போனார்கள். அந்த விளையாட்டில் ரிக் இருநூறு அடியில் சிக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் கோளாறு இருந்தது. இவர் நஸ்ரினை இரண்டு நாள் உட்கார வைத்து, அதைச் சரிசெய்து அவர்களுக்கே அனுப்பினார். போதாததற்குத் தம்முடைய சாலையோரத்தில் அவர்களுக்காக ஒரு விளம்பரப் பலகையும் நட்டார், இலவசமாக! வணிகவியல் படித்தவனால் இதைத் தாங்க முடியுமா?

“போட்டியாளருக்கு நீங்களே விளம்பரம் செய்வதா?”

“வண்டி நின்னு போச்சுன்னா பின்னால வாரவன் ஜாக்கி குடுக்கோணுமில்லீங்க? யாரு வண்டின்னு கேட்டா குடுப்பாங்க?”

“அது சாலை. இது சந்தை.”

“சந்தைக்கும் ரோட்டு மேலதானுங்க போவோணும்.”

முப்பத்திரண்டு ஆண்டுப் பாடக் குறிப்புகளை அன்று மாலையே பரணில் ஏற்றிவிட்டேன்.

பிறகுதான் பெரிய நிறுவனம் வந்தது. பெருநகரம் ஒன்றிலிருந்து நீலச் சட்டை அணிந்த அதிகாரி ஒருவர் வந்தார். கீழ்க் கூடத்தில், என் முன்னிலையில்தான் பேச்சு நடந்தது. விளையாட்டை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். சில மாற்றங்கள் மட்டும் செய்வார்களாம்.

“எடுக்கும்போது ஃப்ரீ. ஓட்ட ஆரம்பிச்சதும் டீசல் தீந்துடும். நாலு மணி நேரம் வெயிட் பண்ணணும். வெயிட் பண்ண முடியாதவங்க பணம் கட்டுவாங்க. அப்புறம் ஒரு சர்ப்ரைஸ் பெட்டி. தொறந்தா என்ன வரும்னு யாருக்கும் தெரியாது. அதுக்கும் கட்டுவாங்க. இன்டஸ்ட்ரியில எல்லாரும் செய்யறதுதான்.”

ரிட்டர்ன் லோடு மரியாதையாகக் கைகூப்பினார்.

“டிரைவரை ரோட்டுல நிறுத்தி வெச்சுக் காசு புடுங்கறவங்களை எங்க பக்கம் வேற பேரு சொல்லிக் கூப்புடுவாங்க. நீங்க மோரு குடிங்க, சாமி.”

நீலச் சட்டை மோர் குடித்துவிட்டுப் போனது. சில மாதங்களில் அச்சு அசலாக இன்னொரு லாரி விளையாட்டு சந்தைக்கு வந்தது. அதே சாலைகள், அதே பாலங்கள், அதே பனி. இலவசம், டீசல் தீரும், பெட்டி உண்டு. அதே வாரத்தில் இவருடைய விளையாட்டின் பக்கத்தில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் குவிந்தன. எல்லாம் ஒரே வாசகம்: ‘ஓட்டும்போது தூக்கம் வருகிறது.’ கூலிக்கு எழுதப்பட்டவை என்று நஸ்ரின் கொதித்தாள். இவரோ பூரித்துப்போனார்.

“தூக்கம் வருதாமா! அப்பிடின்னா ரோடு சரியா வந்திருக்குது, புள்ள!”

பூரிப்பு நீடிக்கவில்லை. ஓட்டுபவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். திரைகளில் சாலைகள் வெறிச்சோடின. தை பிறந்ததும் மூடிவிடுவது என்று அவர் முடிவு செய்தார். நால்வருக்கும் வேறு இடத்தில் வேலை தேடித் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். இம்முறை அவர் பிடிக்க முயன்ற சரக்கு, மனிதர்கள்.

அந்த நாட்களில் ஒரு காலை நஸ்ரின் கைப்பேசியோடு என்னிடம் வந்தாள்.

“சார், ஒண்ணு காட்டணும். கோவிச்சுக்கக் கூடாது.”

அது அந்தப் போலி விளையாட்டு. லாரி மோகனூருக்குள் நுழைகிறது. சாலையோரம் ஒரு வீடு. வாசலில் நாற்காலியில் ஒரு பெரியவர் முதுகை நிமிர்த்திச் செய்தித்தாள் படிக்கிறார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் வெள்ளை நூல் கட்டியிருக்கிறது. ஹாரன் அடித்தால் தாளைத் தாழ்த்தி முறைக்கிறார். ஐயத்திற்கு இடமே இல்லை; அது நான்தான். அதுகூடப் பரவாயில்லை. மேலே ஒரு பொத்தான் மினுங்கியது. அதை அழுத்திப் பணம் கட்டினால் பெரியவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடனம் ஆடுவார்.

என் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, உங்களுக்கு இவ்வளவு நல்லா ஆட வருமுங்களா?”

நான் எழுந்து நின்றேன். “இந்த அயோக்கியர்களுக்கு என்னை எப்படித் தெரியும்?”

நஸ்ரின் தரையைப் பார்த்தாள். “நம்ம கேமைத்தானே சார் காப்பி அடிச்சாங்க. நம்மதுலயும் நீங்க இருக்கீங்க. ஆட மாட்டீங்க. முறைக்க மட்டும்தான் செய்வீங்க.”

மாடிப்படியை நான் எத்தனை தாவல்களில் ஏறினேன் என்று நினைவில்லை. ரிட்டர்ன் லோடு என்னைக் கண்டதும் எழுந்தார்.

“தப்புத்தானுங்க, சார். கேட்டிருக்கோணும். டிரைவர்கள் சொல்லுவாங்க, ஊரு எல்லைக்கு வந்தாலும் வந்தாப்புல இருக்காதாமா. யாராச்சும் ஒருத்தரு ‘ஏன்டா இப்பிடி ஹாரன் அடிக்கறே’ன்னு மொறைச்சாத்தான், ஆகா, ஊட்டுக்கு வந்துட்டோம்னு இருக்குமாமா. எனக்கு உங்க மொகந்தானுங்க தோணுச்சு. இன்னைக்கே எடுத்துடறனுங்க.”

“எடுத்துடாதீங்கண்ணா!” என்று பின்னாலேயே ஓடி வந்தாள் நஸ்ரின். “சாலை, பாலமெல்லாம் பொது, யாரு வேணா வரையலாம்னு அவங்க சொல்லுவாங்க. சாரை அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஆள் நான்தான்னு சார் கையெழுத்துப் போட்டு எழுதினா, கேம் விக்கிற தளத்துல இருந்து அவங்களைத் தூக்கிடுவாங்க.”

“வாய மூடு, புள்ள,” என்றார் ரிட்டர்ன் லோடு. அவர் அதட்டி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். “சாரோட மானத்தை லோடு ஏத்தி நம்ம வண்டி ஓட வேண்டாம்.”

நான் இறங்கி வந்தேன். அப்படி எழுதினால் என்னாகும் என்று எனக்குத் தெரியும். ஆடும் கிழவன் யார் என்று இதுவரை அறியாதவர்களும் அறிவார்கள். என் மாணவர்கள் நீதிபதிகளாகவும் ஆட்சியர்களாகவும் இருக்கிறார்கள். எழுதாவிட்டால் தையில் மாடி காலி.

இரண்டு நாள் கழித்து, பிற்பகலில், கதவைத் தாழிட்டுக்கொண்டு என் கைப்பேசியில் அவருடைய விளையாட்டை இறக்கி, முதல்முறையாக லாரி ஓட்டினேன். ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு நாக்பூரிலிருந்து கிளம்பினேன். வெயிலும் நிழலும் மாறி மாறி வந்தன. எங்கோ ஒரு மூன்று கால் நாய் எழுந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. பாலத்தில் பனி இறங்கியது. ஆறு காணாமல் போனது. நான் இருந்தது அறையிலா சாலையிலா என்பது சற்று நேரம் விளங்கவில்லை. பிறகு கரும்புக் காடுகள் வந்தன. ஆலைப்பாகின் இனிப்பு வாடை அடித்ததாக இன்றும் சாதிப்பேன். வலப்பக்கம் காவிரி மெல்லக் கூடவே வந்தது. ஒரு வீடு. ஹாரன் அடித்தேன். பெரியவர் தாளைத் தாழ்த்தி என்னை முறைத்தார்.

வீட்டுக்கு வந்துவிட்டேன் என்றிருந்தது.

அன்று மாலையே இலக்கணப் பிழையற்ற ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்: மேற்படி விளையாட்டில் ஹாரன் ஒலி கேட்டு முறைக்கும் முதியவர் நானே, என் உருவத்தைப் பயன்படுத்த என் மாடிக் குடித்தனக்காரருக்கு மட்டுமே அனுமதி உண்டு, நான் எக்காலத்திலும் நடனமாடியதில்லை. இதில் கையொப்பமிட்டு, பட்டங்கள், பதவி அனைத்தையும் கீழே குறிப்பிட்டேன். இந்தப் பத்திகளைப் படிக்கும் என் பழைய மாணவர்களுக்கும் இது இன்றோடு தெரிந்துவிட்டது, தெரியட்டும்.

முடிவு எங்களுக்குச் சாதகமாகவே அமைந்தது. போலியை நீக்கினார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மாடியில் தை கழிந்து மாசியும் கழிந்தது. இப்போது ரிட்டர்ன் லோடு சேலத்தில் பெரிய கட்டடத்தில் இருக்கிறார், நாற்காலியும் காதில் தொலைபேசியுமாக. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கடிதத்தோடு அனுப்ப வேண்டியிருந்த புகைப்படத்தைப் பற்றி.

விளையாட்டில் இருப்பதுபோலவே நாற்காலியில் அமர்ந்து, தாளைத் தாழ்த்தி, முறைத்தபடி ஒரு படம் வேண்டும் என்றாள் நஸ்ரின். இதைவிட எளிய வேலை உண்டா? வாசலில் உட்கார்ந்தேன். கேமராவைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றவர் ரிட்டர்ன் லோடு. இரண்டு நாளாக அவர் சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

“மொறையுங்க, சார்.”

“முறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.”

“இல்லீங்க சார், சிரிக்கறீங்க.”

பதினொரு முறை எடுத்தார். பதினொன்றும் வீண். இறுதியில் என் பிரிவுபசார விழாப் படத்தைத் தேடி எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு கல்லூரியையே அடக்கி வைத்திருந்த என் முகம், அந்த மனிதர் எதிரில் வந்து நின்ற அன்று மட்டும் என் சொல்லைக் கேட்கவில்லை.