மாடுலர் கடிகாரத்தின் மாண்பு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டது, பிறகு சக்கரத்தைக் கண்டது. அதற்கு அடுத்தபடியாகக் கண்டது எங்கள் 'மாவட்ட உயர்ரகக் கைக்கடிகார ரசிகர் மன்ற'த்தைத்தான். உறுப்பினர் மூவர், மூவருமே நிர்வாகிகள். லாரிப் பட்டறை தரணிதரன் தலைவர், கோழிப்பண்ணை தேவராஜ் பொருளாளர், அடியேன் செயலாளர்.

தலைவர் சென்ற மாதம் ஒரு கடிகாரம் வாங்கினார். நேரத்தோடு ஸ்டாப்வாட்ச் வேலையும் பார்க்கிற ரகம். விலை இரண்டே முக்கால் லட்சம். கடைக்காரர் அதை 'நடுத்தர ஆடம்பரம்' என்றார். பிரித்துப் பார்த்தபோதுதான் அது 'மாடுலர்' என்று தெரிந்தது. சாதாரணக் கடிகாரப் பொறியின் மேல், தனியாகச் செய்த ஸ்டாப்வாட்ச் பொறியை ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். பொருளாளருடையதோ இரண்டும் ஒரே பொறியாகப் பிறந்தது.

"ஓட்டு ஊட்டு மேல தகரக் கொட்டாய் போட்ட மாதிரிங்க அது. பழுதானா கொட்டாயையே கழட்டி எறியோணும்" என்றார் பொருளாளர். தலைவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த மாபெரும் பிரச்சினைக்கு விஞ்ஞான முறையில் தீர்வு காண, கொல்லிமலையில் சிறப்புக் கூட்டம் கூட்டினோம். பொருளாளரின் டிரைவர் காரை மேல் வளைவிலிருந்து ஆறு கொண்டை ஊசி வளைவு கீழே ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும். இரண்டு கடிகாரமும் அந்த நேரத்தை அளக்கும். மலையிலிருந்து இறங்கும் வண்டிகள் குறுக்கே வந்து சோதனையைக் கெடுக்காமல் இருக்க, என் காரைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினேன்.

பொத்தானை அழுத்திய அதே நொடியில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் சாக்குகளின் மேல் ஒரு பெண் கிடந்தாள். பெயர் கலைமணி. அவள் கணவன் செல்வம், மலைமேல் ஆலத்தூர் நாட்டு விவசாயி, இறங்கி வந்தான்.

"ஏனுங்க, மொளகு பறிக்கையில ஏணி சறுக்கி உளுந்துட்டாளுங்க. கால் எலும்பு வெளிய தெரியுது. காரைக் கொஞ்சம் ஓரங்கட்டுங்க சாமி."

தலைவர் மிகுந்த பண்போடு விளக்கினார். இது மாடுலர் சம்பந்தப்பட்ட சோதனை, பாதியில் நிறுத்தினால் செல்லாது என்றார். பிக்கப் டிரைவர், மாடு எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்தார். தலைவர் வடக்கென்றால் தெற்கென்கிற பொருளாளர், மன்ற வரலாற்றிலேயே முதல் முறையாக அவரை ஆமோதித்தார்.

செல்வம் சண்டை போடவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றான். சாக்கின் மேலிருந்து கலைமணிதான் கேட்டாள்.

"மணி என்னங்க ஆச்சு? ஒரு மணிக்கு மேல எலும்பு டாக்டர் இருக்க மாட்டாருங்க."

ஐந்து லட்ச ரூபாய்க்கும் மேல் பெறுமான இரண்டு கடிகாரங்கள் அங்கே இருந்தன. யாரும் மணி சொல்லவில்லை. இருவர் கண்ணும் ஸ்டாப்வாட்ச் முள்ளை விட்டு நகரவில்லை. நான் குறிப்பேட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.

கார் திரும்பி வந்தது. தலைவருடையது ஒன்பது நிமிடம் பன்னிரண்டு நொடி. பொருளாளருடையதும் அதே. இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். அதன் பிறகு என் காரை எடுத்தேன்.

அவர்கள் அடிவார ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எலும்பு டாக்டர் சற்று முன்புதான் கிளம்பியிருந்தார். சேலத்துக்கு அனுப்பினார்கள், அறுவை சிகிச்சை நடக்க ராத்திரி ஆகிவிட்டது. கால் பிழைத்தது. ஆனால் இரண்டு அங்குலம் குட்டை. கலைமணி இனி ஏணி ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

செல்வம் புகார் கொடுத்தான். விசாரித்த இன்ஸ்பெக்டர் எவ்வளவு நேரம் வழி மறித்தீர்கள் என்று கேட்டார். ரெண்டு நிமிஷம் இருக்கும் என்றார் தலைவர். அவ்வளவுகூட இருக்காது என்றார் பொருளாளர். பிறகு இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். மன்றத்தின் சோதனை அறிக்கையை நீட்டினேன். ஒன்பது நிமிடம் பன்னிரண்டு நொடி என்பதற்குக் கீழே மூவர் கையெழுத்தும் அதில் இருந்தது.

ஆகவே, மாடுலர் கொடுத்த காசுக்குத் தகுமா என்று இனி யாரும் ஐயப்பட வேண்டாம். எலும்பு தெரியக் கிடந்த ஒருத்தியை நாங்கள் நடுரோட்டில் எத்தனை நேரம் போட்டு வைத்திருந்தோம் என்பதை, இரண்டு கடிகாரமும் நொடி பிசகாமல் சொல்லிவிட்டன. இரண்டுமே ஒரிஜினல்தான். டூப்ளிகேட், நாங்கள் மூன்று பேர்.