பி.எஃப் பணமும் சலீம் பாயின் பிரிண்டரும்

அன்றைக்கு மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து ப்ரவுசிங் சென்டரில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். கடைக்காரர் சலீம் பாய். என் வீட்டுக்காரர் ஏழுமலை (ஆட்டோவை நோ பார்க்கிங்கில் விட்டுவிட்டு வந்தவர்). எங்கள் மகள் காவ்யா. பென்ஷன் காகிதம் பிரிண்ட் எடுக்க வந்த மயிலாப்பூர் மாமா ஒருவர். அப்புறம் நான், பேபி. இந்த ஐந்து பேரில் தப்பு செய்தது ஒரே ஆள். அது யார் என்பது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பயப்படுவதில் மட்டும் மேல்படிப்பு. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். (அன்றைக்கு சிலிண்டரே தீர்ந்து போயிருந்தது.)

தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் நாலே முக்கால் வருடம் சேலை பிரித்துப் போட்டு, திரும்ப மடித்தேன். அப்போதுதான் குடியிருந்த வீட்டை இடிக்கப் போவதாக ஓனர் சொன்னார். சித்திரையிலேயே கொட்டிவாக்கத்தில் ஒரு வீடு அமைந்தது. வாடகை ஒன்பதாயிரம், அட்வான்ஸ் தொண்ணூறாயிரம். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால், ஆனி முடிவதற்குள் முழுப் பணமும் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று அந்த ஓனரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

கையில் இருந்தது, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வைத்த பி.எஃப் ஒன்றுதான். தொண்ணூற்றிரண்டாயிரம். எங்கள் கடைப் பெண்களுக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு. பணமுடை வந்தால் வேலையை விடுவது, இரண்டு மாதம் வீட்டில் உட்காருவது, பி.எஃப்பை மொத்தமாக எடுப்பது, பிறகு அடுத்த தெருக் கடையில் போய்ச் சேருவது. நானும் அதையே செய்தேன். பாரம் நிரப்பித் தந்தவர் சலீம் பாய்.

"பான் கார்டு இருக்குதாம்மா?"

"கீது. தர மாட்டேன்."

பான் நம்பரைக் கொடுத்தால் இன்கம்டாக்ஸ்காரர்கள் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறப்பார்கள் என்று எங்கள் சேலை செக்‌ஷன் மொத்தமும் நம்பியது. (என் பீரோவில் பூட்டே கிடையாது.)

"சரி, இந்த 15ஜி-யாவது போடு. வரி கட்ற அளவுக்கு எனக்கு வருமானம் இல்லன்னு எழுதிக் குடுக்குறது."

"தெரியாத பாரத்துல நான் கையெழுத்து வைக்கிற ஆளில்ல பாய்."

ஏழுமலை ஒரு சிநேகிதனின் பைக் லோனுக்குக் கையெழுத்துப் போட்டு, பைக்கில் ஒரு தடவைகூட ஏறாமல் முழுத் தவணையும் கட்டியவர். அதற்குப் பிறகு பேனாவைக் கண்டாலே எனக்குப் படபடப்பு. பாய் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். அப்புறம் ஏதோ ஒரு நோட்டை நீட்டினார், அவர் தொந்தரவு விட்டால் போதும் என்று அதில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனி முடிய மூன்று நாள் இருக்கும்போது பணம் வந்தது. எழுபத்து மூவாயிரத்து அறுநூறு.

நேரே பாய் கடைக்குப் போனேன்.

"எங்க என் பதினெட்டாயிரத்து நானூறு?"

"வரி புடிச்சிருக்காங்கம்மா. நான்தான் அன்னிக்கே..."

"நீ புடிச்சியா, அவங்க புடிச்சாங்களா? என் பணம் வர வரைக்கும் உன் பிரிண்டர் என்கிட்ட இருக்கட்டும். யோவ், தூக்குய்யா அத!"

"இன்னா பேபி இது, அசிங்கமா..." என்றபடியே ஏழுமலை தூக்கினார். (வீட்டில் எனக்குள்ள மரியாதை அப்படி.)

"என் காகிதம் உள்ள இருக்கும்மா!" என்று மயிலாப்பூர் மாமா அலறினார். பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாசல்வரை போன பிரிண்டரை ஒயர் பின்னால் இழுத்தது. ஏழுமலை கையை விட்டார், பிரிண்டர் தரையில் விழுந்து உடைந்தது. மாமாவின் பென்ஷன் காகிதம் பாதி கிழிந்து வெளியே வந்தது.

பாய் மேஜை டிராயரைத் திறந்து அந்த நோட்டை எடுத்தார். 'பான் வேண்டாம், 15ஜி வேண்டாம் என்று நானே சொன்னேன்.' கீழே என் கையெழுத்து.

காவ்யா அதைச் சத்தமாகப் படித்தாள். பெற்ற மகள்.

மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இதுல மட்டும் கையெழுத்து நன்னா போட்டிருக்கேளே! எத்தனை வருஷ சர்வீஸ்?"

"நாலே முக்கால்."

"அடடா! அஞ்சு முடிஞ்சிருந்தா ஒத்தப் பைசா வரி கிடையாது. வேற கடைக்குப் போனாலும் பழைய கணக்கை அங்க மாத்திண்டா வருஷம் சேர்ந்துண்டே வந்திருக்கும். அதுக்கு முன்னாடி அம்பதாயிரமோ மேலயோ எடுத்தா, பான் இருந்தா பத்து பர்சென்ட், இல்லேன்னா இருபது. பானும் 15ஜியும் கொடுத்திருந்தா பூஜ்யம்."

அவர் அதைச் சந்தோஷமாகவே சொன்னார். கிழிந்த காகிதத்துக்கு அவருக்கும் ஏதாவது ஆறுதல் வேண்டாமா?

மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளக்காரிக்கு வரியே கிடையாது. கிடையாது என்று எழுதிக் கொடுக்காததற்குத்தான் வரி! இதை என்னிடம் சொல்ல நாலே முக்கால் வருடத்தில் கடையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பத்து நிமிடம் பாத்ரூமில் இருந்தால் மட்டும் மைக்கில் கூப்பிடத் தெரிந்தது.

கழுத்துச் செயினை அடகு வைத்து, ஆனி கடைசி நாள் அட்வான்ஸைக் கட்டினோம். வீடு கிடைத்தது. செயின் இன்னும் வரவில்லை.

இப்போது வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், "அப்பா, பிளக்கைப் புடுங்கு, அம்மா தூக்கப் போறாங்க" என்கிறாள் காவ்யா. ஏழுமலையும் எழுந்து போய் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு வருகிறார். விருந்தாளிகள் வரும்போதும் இதைச் செய்வார்கள்.

பிரிண்டருக்காக மாதம் ஐந்நூறு ரூபாய் பாயிடம் கொடுத்து முடித்துவிட்டேன். அவர் வட்டி கேட்கவில்லை, வரியும் பிடிக்கவில்லை. பி.எஃப் ஆபீஸுக்கு நாலு முறை போனேன். பான் இல்லாமல் பிடித்ததால் அந்த வரி என் பெயரிலேயே ஏறவில்லையாம், அவர்கள் கணக்கைத் திருத்தினால்தான் நான் திரும்பக் கேட்கவே முடியுமாம். இப்போது பான் நம்பரை நானே எழுதி நீட்டுகிறேன், கேட்கிற எல்லாப் பாரத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள்.

எனக்கு வர வேண்டிய பாக்கி: பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய்.