தக்காளிக்கு அளவெடுத்த டெய்லர்

செங்கல்பட்டு ஜில்லாவிலேயே தக்காளிக்கு இடுப்பளவு எடுத்த ஒரே டெய்லர் எங்கள் சம்பந்தி பாய்தான். இன்னொருவர் இருந்தார் என்று யாராவது காட்டினால் நான் இன்றோடு எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன்.

எழுபதுகளில் நான் கல்பாக்கத்தில் டிராஃப்ட்ஸ்மேன். அணுமின் நிலையம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. எங்களைப் போன்ற பிரம்மச்சாரிகள் பேண்ட் தைக்கச் சைக்கிள் மிதித்துப் போவது சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவுக்கு. அங்கே பாயின் தையல் கடை. முன்பக்கம் மெஷின், பின்பக்கம் மணல் கொல்லை, அது முழுக்கத் தக்காளிச் செடி. உடம்பு மெஷினில் இருக்கும், உயிர் கொல்லையில் இருக்கும்.

சம்பந்தி என்று பெயர் வரக் காரணம் அவர் வாய்தான்.

"மாப்ள பெங்களூர்காரன், தம்பி. நல்லா குண்டா இருப்பான். ஆனா நம்ம உப்புக் காத்து பட்டா படுத்துக்குவான். பொண்ணு நம்மூரு நாட்டுத் தக்காளி. சின்ன ஒடம்பு, புளிச்ச வாயி, ஆனா எதுக்கும் அசையாது. ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டா, அப்பன் ஒடம்பும் ஆத்தா தெம்புமா ஒண்ணு வந்து நிக்கும் பாரு!"

விடிந்ததும் கொல்லையில் குந்திக்கொண்டு, விரியாத பூவைப் பிரித்து, மகரந்தப் பையை இடுக்கியால் கிள்ளி எறிந்துவிட்டு, மாப்பிள்ளைப் பூவின் தூளைத் தடவுவார். பிறகு காம்பில் ஒரு நூல் கட்டுவார். எந்த இடத்துச் சம்பந்தம் என்பதை நூலின் நிறம் சொல்லும். பச்சை, மஞ்சள், ஊதா என்று கொல்லையே கல்யாண வீடாக இருக்கும். டெய்லர் கடையில் நூலுக்கா பஞ்சம்?

காய் பிடித்தால் தினமும் டேப் வைத்து அளப்பார். ஒருமுறை அந்தக் கையோடு எனக்கும் சட்டைக்கு அளவெடுத்தார். சட்டை வந்தபோது காலருக்குள் என் தலையோடு ரூம்மேட்டின் தலையும் நுழைந்தது.

"என்ன பாய் இது?"

"வளர்ற காயாச்சே, கொஞ்சம் லூசா வுட்டேன்" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இப்படிக் கலந்து, பொறுக்கி, மறுபடி விதைத்துச் சில வருஷம் போனது. ஒரு தை மாசம், பேரன் தலைமுறைச் செடி ஒன்று அவர் பேச்சைக் கேட்டது. ஒரே பழம். சின்னப் பூசணி என்றால் நம்பமாட்டீர்கள், நம்பவேண்டாம். கனத்தில் காம்பு முறிந்துவிடக் கூடாதே என்று சட்டைத் துணியில் அதற்கு ஒரு தூளி தைத்துக் கட்டினார். தூளிக்குப் பாக்கெட்டும் வைத்திருந்தார், பழக்க தோஷம்.

கொல்லைக்குச் சொந்தக்காரர் அவர் மனைவியின் அண்ணன், அரிசி மண்டி வைத்திருந்தவர். அந்த இடத்தில் குடோன் கட்ட அவருக்கு ரொம்ப நாள் ஆசை. டவுன்ஷிப்பில் காய்கறிக் கண்காட்சி என்று அறிவிப்பு வந்ததும் கடைக்கே வந்துவிட்டார்.

"ஊரே உன்னப் பாத்து சிரிக்குது மச்சான். தக்காளில மொதப் பரிசு வாங்கு, கொல்லய வுட்டுர்றேன். தோத்தியோ, மறுநாளே செடியெல்லாம் புடுங்கிட்டு குடோன்."

"பேச்சு மாறக் கூடாது" என்றார் பாய்.

கண்காட்சியன்று காலை, வைக்கோல் பரப்பிய கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். பாய் செடிக்கு எதிரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பழத்தின் கழுத்தில் ஒரு சிவப்பு நூல். அவர் கட்டியதல்ல.

கொல்லை வேலியை ஒட்டித்தான் தர்காவுக்குப் போகும் சந்து. வேண்டுதல் நூல் கட்ட வருகிற பெண்கள், முஸ்லிம், மீனவர் என்று எல்லாரும், செடியில் தொங்கிய கலர் நூல்களைப் பார்த்து, இதுவும் வேண்டுதல் இடம்தான் என்று முடிவுகட்டியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் பல செடிகளில் பாய் கட்டாத நூல்கள்.

"வெட்டுங்க பாய், நேரமாவுது."

"எப்டி வெட்றது? கேட்டது கெடச்சாத்தான் அவுக்கணும், அதுவும் கட்டினவங்களே அவுக்கணும். செடிலேந்து பிரிச்சா வேண்டுதல் அறுந்துபூடும், தம்பி."

"கொல்லை போயிடும் பாய்!"

"போவட்டும். எந்தம்மா இன்னா கஷ்டத்துல கட்டிச்சோ."

கெஞ்சினேன். கொஞ்சம் திட்டவும் செய்தேன். அவர் அசையவில்லை. அன்றைக்கு எலுமிச்சை அளவுத் தக்காளி ஒன்று முதல் பரிசு வாங்கியது. எங்கள் பழம் வெயிலில் செடியிலேயே வெடித்தது. விதையெல்லாம் தூளிப் பாக்கெட்டில் பத்திரமாகச் சேர்ந்திருந்தது.

மறுநாள் மண்டிக்காரர் மண்வெட்டியோடு ஓர் ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆள் செடிகளைப் பார்த்தான், மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"நம்மால ஆவாது மொதலாளி. எங்கூட்டுக்காரி கட்டினதும் இதுல கீது."

"எது?"

"அது தெரிஞ்சா அத்த மட்டும் வுட்டுட்டு மத்தத புடுங்கமாட்டனா?"

மண்டிக்காரர் தானே குனிந்தார். ஒரு செடிவரைக்கும் கை போனது. அங்கே நாலைந்து நூல்கள். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "ஒழிஞ்சு போ மச்சான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். குடோன் பிறகு வேறு இடத்தில் வந்தது. செடிகள் காய்ந்தபோது பாய் கொம்புகளை நூலோடும் வேரோடும் அப்படியே எடுத்து, புதுச் செடிகளின் பக்கத்தில் ஊன்றிவைத்தார்.

எனக்கு மாற்றல் வந்து சொல்லிக்கொள்ளப் போனேன். பாய் ஒரு கொம்பைக் காட்டினார்.

"இந்த வெள்ள நூலு உன்னுதுதான? கண்காட்சி அன்னிக்கு சாயங்காலம் நீ கட்டுறப்ப பாத்துக்கினுதான் இருந்தேன். இன்னா வேண்டிக்கின?"

"உங்க கொல்லை போகக் கூடாதுன்னு."

"அதான் நடந்துபூச்சே. அவுத்துட்டுப் போ."

"இருக்கட்டும் பாய்" என்றேன்.

எந்தச் சாமியிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத நான், வாழ்க்கையில் வேண்டிக்கொண்டது அந்த ஒரு மனிதருக்காகத்தான்.